சிவப்பு வளையம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா சளியோடு வயலில் டிராக்டர் ஓட்டாமல் பார்த்துக்கொள். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், பெரும்பாலும் தனியாகத்தான்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. பெண் குருவி எதைப் பார்த்து ஜோடி தேடுகிறது என்று இரண்டு வருஷமாக ஆராய்கிறோம். நன்றாகப் பாடும் ஆணைத்தான் தேடுகிறது என்று பேராசிரியர் ஹால்வர்சன் கட்டுரையே எழுதிவிட்டார். எனக்கு மட்டும் சந்தேகம். ஜோடி கிடைத்த ஆண்களின் காலில், அடையாளத்துக்காக நாங்கள் மாட்டிய வளையம் சிவப்பு. கிடைக்காததுகளுக்கெல்லாம் பச்சை.

சொன்னதற்குச் சிரித்தார். "வளையம் நமக்குத்தான் அடையாளம், லோர்னா. குருவிக்கு அது என்ன நகையா?"

அவருக்குத் தெரியாமல் வளையங்களை மாற்றி மாட்டினேன். நாலே நாளில் பெண் குருவிகள் பாட்டுக்காரர்களை விட்டுவிட்டு, புதிதாகச் சிவப்பு மாட்டியவர்கள் பக்கம் போய் உட்கார்ந்தன. கட்டுரை குப்பைக்குப் போயிற்று. பேராசிரியர் என்னோடு பேசுவதில்லை. வேலை போகாது என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு உதவி அம்மா. நீ பின்னிக் கொடுத்த சிவப்பு ஸ்வெட்டரைப் போட்ட நாளிலிருந்து, பக்கத்து மேஜை டுவைட் தினமும் காபியோடு வந்து உட்கார்கிறான். இங்கே என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவன்தான். என் பழைய சாம்பல் நிற ஸ்வெட்டரை உடனே அனுப்பு. அதைப் போட்டும் பார்த்துவிட வேண்டும்.

தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

உன் லோர்னா

உறையை ஒட்டுவதற்கு முன் ஒன்று: ஸ்வெட்டருக்கு அவசரமில்லை. குளிர்காலம் முடியட்டும்.