கேபு சொன்ன பதில்

நெயாஃபு, வவாவு
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாஃபிக்கு,

லவீனியா எழுதுகிறேன். நீ அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பாய். நான் சௌக்கியம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் இந்தக் கடிதம்.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த வருடம் வள்ளிக்கிழங்கு சிறுத்துப் போயிற்று. சர்ச்சில் பிள்ளைகள் ஞாயிறு நன்றாக நடந்தது. என் மகள் ஒரு தடங்கல் இல்லாமல் வசனம் ஒப்பித்தாள். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் முன் வரிசையில் இருந்தார்கள். அவள் அப்பா சோசையா, தோட்ட வேலைக்கு வந்த உங்கள் ஊரில் ஜெயிலில் இருக்கிறார்.

சோசையா அந்த வேனை ஓட்டவில்லை என்பது உனக்கும் தெரியும். ஆரஞ்சுத் தோட்டத்து மேஸ்திரிதான் குடித்துவிட்டு ஓட்டினான். வேன் கவிழ்ந்து ஓர் ஆள் செத்ததும், ஓட்டியது சோசையாதான் என்று போலீசில் சொல்லிவிட்டான். பார்த்த சாட்சி, பின் சீட்டில் இருந்த கேபு ஒருவன்தான். விசா முடிந்து அவனை ஊருக்கு அனுப்பியிருந்ததால், இங்கே கோர்ட்டில் ஒரு வீடியோத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து அவனிடம் சாட்சி கேட்டார்கள். நான் பின் பெஞ்சில் இருந்தேன். வாயைத் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று போலீஸ்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். திரையில் உங்கள் ஊர் நீதிபதி, ஜூரிகள், மூலையில் மொழிபெயர்ப்பாளராக நீ.

உன்னைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. கூண்டில் நின்ற சோசையாவுக்கும் அப்படித்தானாம். "நம்ம மாஃபி உக்காந்திருக்கா, இனிமே கவலையில்லனு நெனச்சேன்" என்று எழுதியிருக்கிறார்.

மேஸ்திரிதான் ஓட்டினான் என்று கேபு முதலில் வாயாலேயே சொன்னான். நீயும் அதை அழகாக மாற்றிச் சொன்னாய். பிறகு அரசு வக்கீல் எழுந்து, மேஸ்திரி அந்த சீட்டில் இருந்ததை உன் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டார். கேபு புருவத்தை உயர்த்தினான். நீ பேசாமல் இருந்தாய். மறுபடி கேட்டார், மறுபடி உயர்த்தினான். மூன்றாம் தரம் கேட்டதும், நம்மைப் பொய்யன் என்கிறார்களே என்று அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நீதிபதி முன்னால் கோபத்தைக் காட்டக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டான்.

சாட்சியிடம் பதில் இல்லை என்று வக்கீல் ஜூரியிடம் சொன்னார். கேள்வியைக் கேட்டுத் திகைத்துவிட்டான், பிறகு முகத்தைக் காட்ட முடியாமல் குனிந்துகொண்டான் என்று விளக்கம் வேறு. நம் வக்கீலும் வெள்ளைக்காரர், அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அந்த அறையில் புரிந்தவள் நீ ஒருத்திதான். மூன்று தரமும் நீ அவன் முகத்தைப் பார்த்ததை நான் இங்கிருந்து பார்த்தேன்.

உன் புருஷன் உன்னைப் பெண் கேட்டு வந்த அன்று நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ ஒரு வார்த்தை பேசினாயா? புருவத்தைத் தூக்கினாய், அவ்வளவுதான். மறு வாரமே அவர்கள் வீட்டார் சீராகப் பாய்களையும் பன்றிகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பெண் பதில் சொல்லவில்லையே என்று ஒருவரும் தயங்கவில்லை. நான்கு பிள்ளைகளும் பெற்றாயிற்று.

போனில் நீ என்ன சொன்னாய்? "வாயால சொன்னத மாத்திச் சொல்றதுதான்டி என் வேலை. புருவத்துக்கெல்லாம் அர்த்தம் சொல்ல எனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?" சட்டம் அப்படித்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது எங்கள் ஊரில் ஆமாம் என்று அர்த்தம், அவனை வாயால் சொல்லச் சொல்லுங்கள் என்று நீதிபதியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் நாக்கு தேய்ந்திருக்காது.

என் பேச்சு எடுபடாதாம், நான் பெண்டாட்டியாம். கேபு சொன்னது ஆமாம்தான் என்று அப்பீலுக்கு நீ பிரமாணம் செய்து எழுதிக் கொடுத்தால்தான் உண்டு என்கிறார் வக்கீல். சோசையா உனக்குத் தெரிந்தவர் என்று ஏன் முன்பே சொல்லவில்லை என்று உன்னைத் திருப்பிக் கேட்பார்கள், வேலை போகும் என்று பயப்படுகிறாய். பயம் நியாயமானதுதான், மாஃபி. எனக்கு அதைப் பார்க்க இரக்கம் வரவில்லை.

கேபு இப்போது ஆண்கள் சாயங்காலம் கூடிக் கவா வேர்ச்சாறு குடிக்கும் கூட்டத்துக்குக்கூடப் போவதில்லை. நண்பனைக் காட்டிக்கொடுத்தவன் என்று காதுபடவே பேசுகிறார்கள். போன வாரம் ஒரு பன்றிக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முற்றத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டான். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. "நான் சொன்னேனே அக்கா. நீங்க பாத்தீங்கல்ல?" என்றான். பார்த்தேன் என்றேன். அப்படியும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போனான். தப்பே செய்யாதவன் மண்ணில் உட்கார்ந்தான்.

உன்னைத் திட்டி இரண்டு தாள் எழுதிக் கிழித்துப் போட்டேன். திட்டி என்ன ஆகப் போகிறது? சோசையாவுக்கு உன்னை விட்டால் வேறு ஆள் இல்லை. அந்த வக்கீலைப் போய்ப் பார். உன் காலில் விழச் சொன்னால் விழுகிறேன்.

கடவுள் உன் வீட்டைக் காக்கட்டும். உன் பிள்ளைகள் எந்த நாட்டுக் கோர்ட்டிலும் நிற்க நேராமல் இருக்கட்டும். நேர்ந்தால், பக்கத்தில் உட்காருகிறவள் உன்னைவிட நல்லவளாக இருக்கட்டும்.

இன்றுவரை உன் தோழியான,
லவீனியா