கைபிடித்துப் போக வரும் பொம்மை

ஷார்ஜா
14.11.1986

அன்பு மகள் சுகிர்தராணிக்கு சித்தப்பா கிறிஸ்துதாஸ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் முழு உயிரோடும் பாதிப் பல்லோடும் சுகம், நீயும் அந்த ஜெர்மன் குளிரில் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். மக்களே, உலகத்தில் ஒருவரும் நம்பாத கதை ஒன்றை இதில் சொல்லப்போகிறேன் என்று மூன்று சாட்சிகள் முன்னிலையில் உறுதி கூறுகிறேன், மூவரும் குறட்டை விடுகிறார்கள்.

உன் ஆராய்ச்சியை ரூமில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். ஜெர்மன் நாவல்களில் பையன் ஆளாகும் முன்னே வீட்டுக்கு ஒரு பொம்மலாட்டப் பெட்டி வந்துவிடுகிறது, அதற்கு உயிரை விடுகிறான், ஒருநாள் திரைக்குப் பின்னால் எட்டிப்பார்த்து ராஜாவும் பிசாசும் ஒரே பெட்டியில் கிடப்பதையும் ஆட்டுகிற கையையும் கண்டுவிடுகிறான், அதோடு சின்னப்பிள்ளைத்தனம் போயிற்று என்று எழுதியிருந்தாய். பக்கத்துக் கட்டில் செல்வநாயகம், "அண்ணாச்சி, அந்தப் பய பத்து வயசுல பாத்தத நீங்க அம்பது வயசுல பாத்திருக்கிய" என்றான். ஏனென்றால் துணிக்கடைப் பொம்மைகள் வார்க்கும் எங்கள் பட்டறையைப் பூட்டியாயிற்று, எங்களுக்குப் பொறுப்பாயிருந்து ஆட்டிவைக்கிற கபீல் எங்களுடைய பாஸ்போர்ட் இருக்கும் பெட்டியின் சாவியோடு எந்தத் தேசத்துக்கோ போய்விட்டார், அவர் வந்தால்தான் பேச்சு, இல்லாவிட்டால் மாஃபி, ஒன்றும் கிடையாது என்று ஆபீசில் கைவிரித்துவிட்டார்கள்.

ஆகவே, மிஞ்சிக் கிடந்த ஃபைபர் கிளாஸில் என்னைப் போலவே ஒரு பொம்மை வார்த்தேன். வலது கையைப் பிளாஸ்டரில் முக்கி அச்செடுத்தேன், தொப்பையைக் குறைத்தேன், தலைமுடியைத் தாராளமாக வைத்தேன். கோட்டு மாட்டிய மாத்திரத்தில் அது என்னைவிட நல்ல இந்தியில் வாட்ச்மேனிடம் பீடி கேட்டது. விமான நிலையத்தில் பாஸ்போர்ட் எங்கே என்றதற்கு, "பொம்மைக்கு எதுக்குய்யா கபீல்?" என்று ஒரே போடு போட்டது, அதிகாரிகள் எழுந்து சல்யூட் அடித்து ஜன்னலோர சீட் கொடுத்தார்கள். அது ஊரில் இறங்கி, போதகரின் பிரசங்கத்தைத் திருத்தி, மாப்பிள்ளை வீட்டாரோடு மீன் துண்டுக்கு மல்லுக்கட்டி, ஜனவரியில் உன் அப்பன் ஸ்தானத்தில் உன்னை ஆலய வாசலிலிருந்து கைபிடித்துக் கூட்டிப்போகும். பாட்டு மட்டும் சுருதி சேராது, என் அச்சல்லவா.

சித்தப்பா வரும்வரை கல்யாணத்தைத் தள்ளிவைக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். தள்ளாதே மக்களே. எந்த வருஷம் வருவேன் என்று சொல்ல என்னிடம் ஒரு வருஷமும் இல்லை. அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து உனக்குச் சொன்ன பொய்களிலெல்லாம் வருவேன் என்பதை மட்டும் இனிச் சொல்லமாட்டேன். சித்திக்கு இதை நீ எழுத வேண்டாம், நானே எழுதுகிறேன். கம்பளி உடுத்து, வேளைக்குச் சாப்பிடு, குறித்த தேதியை மாற்றாதே. நீயும் மாப்பிள்ளையும் நிறைவாக வாழ ஆசீர்வதிக்கிறேன்.

உன் சித்தப்பா
கிறிஸ்துதாஸ்

பி.கு.: கை மட்டும் நிஜம். செல்வநாயகம் வேறு கம்பெனி, அவனுக்கு லீவு கிடைத்துவிட்டது, கிறிஸ்துமசுக்கு ஊருக்குக் கொண்டுவருகிறான். அச்சிலிருந்து உரிக்கும்போது சுண்டுவிரல் உடைந்துவிட்டது, ஒட்டியிருக்கிறேன், இறுக்கிப் பிடித்துவிடாதே.