எல்லாரும் சொன்ன ஆமென்

27, ஞாயிறு
விடியலிலிருந்து மழை. சபைக் கூரை வழக்கம்போல ஒழுகல். பாய்களைச் சுவரோரம் இழுத்துப் போட்டோம்.

ஆராதனை முடிகிற நேரம் பாஸ்டர் ஐயா கஹவத்தைச் சிங்கள மாத்தயாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிரதேச சபைத் தேர்தலில் நிற்கிறவர். கூரையை அண்ணாந்து பார்த்து, "கரலா தென்னங்" என்றார். செய்து தருவாராம்.

பாஸ்டர் என் காதில்: "சிஸ்டர், நீங்க தலைல கை வச்சு ஜெபிங்க. நான் செஞ்சா அரசியல்னு சொல்வாங்க."

ஜெபித்தேன். ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "ஆண்டவரே, இந்த மகனைத் தவிர வேறொருவரையும் எங்களுக்குத் தலையாக வைக்காதேயும்." கூரை அதிர ஆமென்.

கண்ணைத் திறந்தால் எதிரில் புஷ்பம். தூக்கிய கையோடு.

அவளும் நிற்கிறாளே! சுயேச்சை, கேத்தல் சின்னம். கீழ் லயத்துக்குத் தண்ணிக் குழாய் வேணும் என்று நிற்கிறாள். "நில்லுடி, நான் இருக்கேன்" என்று உசுப்பிவிட்டதே நான்தான். மறந்தே போச்சு என்று எழுத ஆசை. மறக்கவில்லை. பாஸ்டர் என்னைக் கூப்பிட்டதில் தலைகால் புரியவில்லை, அவ்வளவுதான்.

29, செவ்வாய்
நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் மறுபடி இரண்டு குழந்தைக்கு வயிற்றோட்டம். மலை ஊற்றுப் பீலித் தண்ணீர் கலங்கல்.
வாங்க: சவர்க்காரம், கரைத்துக் கொடுக்க ஜீவனி, தீப்பெட்டி.

மேரி பிள்ளையை விட வந்தவள், "புஷ்பம் நல்லவதாங்க்கா. அவளுக்குத்தான் போடணும்னு இருந்தேன். ஆனா ஆமென் சொல்லிட்டமே. சொல்லிட்டு மாத்திப் போட்டா புள்ளைக்கு ஆகாதுல்ல?"

அது ஒரு மனுஷி வாய்க்கு வந்ததைச் சொன்னது, உன்னைக் கட்டாது என்று சொல்லியிருக்கலாம். "மழ வருது, மலைக்கு வேலைக்குப் போ" என்றேன். தூ, நானும் ஒரு ஜெபக்காரி.

30, புதன்
வெயில். பிள்ளைத் துணியெல்லாம் காய்ந்தது.
பீலியில் இரண்டு பேர் அதே பேச்சு. "ஆமென் சொன்னது சொன்னதுதான்." என்னைக் கண்டதும் மரியாதையாக வழிவிட்டார்கள். எரிச்சலாக வந்தது.

2, வெள்ளி
பெல்மதுளையில் இருக்கிற பாஸ்டருக்குப் போன் போட்டேன். சனங்கள் இப்படி நினைக்கிறாங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் ஐயா என்றேன்.

"யாருக்குப் போடுங்கன்னு நான் ஏதாவது சொன்னேனா சிஸ்டர்? நீங்கதானே ஜெபிச்சீங்க."

உண்மை. ஒரு எழுத்து பொய் இல்லை.

ஞாயிறு சாட்சி நேரத்தில் எழும்பி நானே சொல்வேன்.

4, ஞாயிறு
தூறல். கூரைத் தகரம் வந்து வாசலில் அடுக்கி இருக்கிறது.
சாட்சி நேரம் எழும்பினேன். எல்லா முகமும் என்னையே. புஷ்பம் சிரித்தாள், தைரியம் சொல்கிற மாதிரி. பாட்டு ஒன்று பாடிவிட்டு உட்கார்ந்தேன். கோழை. வேறு பேர் இல்லை.

6, செவ்வாய்
மழை இல்லை. ஸ்கூலில் வோட்டு. கேத்தலுக்குப் போட்டேன். ஆண்டவர் கேட்டால், நான் அன்று உளறினேன் என்று அவரிடமே சொல்லிக்கொள்கிறேன். ஒரு வாரத்துக்குப் பிறகு சோறு ருசித்தது.

பின்னேரம் பீலியில் புஷ்பம் தனியாக. சுண்டுவிரலில் மை. எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. நான் மாத்தயாவுக்குத்தான் போட்டேன்."

"பைத்தியமாடி ஒனக்கு? நீதானே நிக்கிற!"

"நானும் கையத் தூக்கி ஆமென் சொல்லிட்டனே. பழக்கத்துல வந்துருச்சு. ஆனா ஆண்டவர்கிட்ட சொன்னது சொன்னதுதானே. ஒங்க ஜெபத்த மீற எனக்கு மனசு வரலக்கா."

அவள் என் குடத்தை வாங்கிப் பீலியில் வைத்தாள். நிரம்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு கேக்கவா வேணும்" என்றாள். "எனக்கு ஒண்ணும் கோவம் இல்லக்கா."