ஒகோகேயின் பேரில் ஒரு கோடு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். இடுப்பு வலி தேவலையா? அகிதாவில் பனி கொட்டுகிறதாமே, கூரையேறித் தள்ளாதே. நான் நலம், இருப்புத்தான் கொள்ளவில்லை. எல்லாம் 'ஒகோகே'யால். அடிப்பிடித்த சோற்றின் பேரை வைத்துக்கொண்டு, கிதாரை அலறவிட்டுப் பாடும் மூன்று பெண்கள். மேலாளரைத் திட்டி ஒரு பாட்டு, திருடுபோன சைக்கிளுக்கு ஒரு பாட்டு. கேட்டால் கால் தரையில் நிற்காது.

ஞாயிறன்று இங்கே ஒசாகாவில் நான்கு குழுக்கள் பாடின. வாசலில், "எந்தக் குழுவைப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டு, சொல்லும் பேரில் கோடு போடுகிறார்கள். கோடு விழாத குழுவுக்கு அடுத்த முறை மேடை கிடையாது. அது தெரியாமல், யார் மனமும் கோணக்கூடாதென்று, "எல்லாரையும்தான்" என்றேன்.

கச்சேரி முடிந்ததும் ஒகோகேயில் டிரம்ஸ் அடிக்கும் ரித்சு என்னிடம் வந்தாள். "ஏம்மா, முன்னாடி நின்னு அந்தக் குதி குதிச்சியே, எங்க பேருல ஒரு கோடுகூட விழலையே! வாசல்ல கேட்டப்ப வாயில கொழுக்கட்டையா?"

வாசலுக்கு ஓடிப்போய், "ஒகோகே!" என்று கத்தினேன். அங்கிருந்த ஆள் சிரித்துக்கொண்டே கோடு போட்டார்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. முள்ளங்கி ஊறுகாய் வேண்டும். இங்கே விற்பது இனிக்கிறது. புத்தாண்டுக்கு எனக்கு விடுப்பில்லை என்றதும், "நான் வரட்டுமா, அக்கா வரட்டுமா?" என்று கேட்டாயே. யார் வந்தாலும் சரி என்றேன்.

அம்மா, நீ வா.

சிஹாயா