குண்டூசி தெரிந்த ஞாயிற்றுக்கிழமை

என் செல்ல வாலுக்கு,

நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் இடது கால் மட்டும் சற்றுத் தாமதமாக நன்றாகிக்கொண்டிருக்கிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் எதையாவது ஆரம்பித்தால் நீ சிரித்தே மழுப்பிவிடுகிறாய், கடிதத்திடம் அது நடக்காது.

முதலில் நல்ல செய்தி. நேற்று டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்து, புண் ஆறிவிட்டது, விரலை எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். உன் அப்பா என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு நர்ஸின் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் உன்னால்தான் கண்ணு. ஞாயிறுதோறும் உள்ளங்காலை வீடியோவில் காட்டு என்று நீ அடம்பிடித்தபோது, பெற்ற பிள்ளையிடம் காலைத் தூக்கிக் காட்டவா என்று எவ்வளவு சண்டை போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையும் முணுமுணுத்துக்கொண்டேதான் காட்டினேன். பெருவிரலுக்குக் கீழே என்னம்மா பளபளங்குது, கிட்ட கொண்டு வா என்றாய். பார்த்தால் குண்டூசியின் தலை. வெள்ளிக்கிழமை பள்ளிச் சீருடைக்கு மடிப்பு வைக்கும்போது விழுந்தது, இரண்டு நாள் அதன்மேலேயே நடந்திருக்கிறேன், தையல் மிஷினை மிதித்திருக்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. வெறுங்காலில் மிதித்தால்தான் மிஷின் சொன்னபடி கேட்கும் என்று முப்பது வருஷமாகப் பெருமை பேசியவள் நான். அதைவிட மடத்தனம், போன வருஷம் கால் எரிச்சல் நின்றதும் குணமாகிவிட்டது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தது. அது குணமில்லையாம், நரம்பு மரத்துப்போனதாம்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நாலு வருஷமாகச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறேன், டீயைக்கூடக் கஷாயம்போலத்தான் குடிக்கிறேன், பிறகு ஏன் நரம்பு கெட்டது என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். பிறக்கும்போது வந்த மரபணு அப்படியேதான் இருக்கிறதாம், ஆனால் அதன்மேல் சின்னச் சின்ன ரசாயன அடையாளங்கள் இருக்குமாம், எது வேலை செய்ய வேண்டும் எது சும்மா இருக்க வேண்டும் என்று அவைதான் காட்டுமாம். சர்க்கரை ஏறிக் கிடக்கும் காலத்தில் அவை தாறுமாறாக மாறிவிடுமாம், பிறகு சர்க்கரை இறங்கினாலும் சில அப்படியே நின்று நரம்பைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம், ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது என்றார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. துணி அதே துணிதான், எங்கே வெட்டு எங்கே தையல் என்று சொல்வது அதன்மேல் போட்ட சாக்பீஸ் கோடு. சில கோடு ஒரே அலசலில் போகும், சிலது போகவே போகாது. சர்க்கரை என்று தெரிந்தும், சீருடை வேலை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஏழு வருஷம் தள்ளிப்போட்டேனே, அப்போது விழுந்த கோடுகள் இவை. அப்படியானால் இந்தப் பத்தியமெல்லாம் வீணா என்று கேட்டேன். ஐயோ இல்லம்மா, புதுசா விழாம இருக்கே, இந்தப் புண் ஆறினதுக்கு அதுவும் ஒரு காரணம் என்றார்.

இப்போது உன் விஷயம். போன வாரம் ஆபீஸில் ரத்தம் எடுத்தார்கள், எனக்கும் சர்க்கரை வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதாம், இந்த வேலை முடியட்டும் பார்க்கலாம் என்று சொல்லிச் சிரித்தாய். அது நான் சொன்ன அதே வார்த்தை கண்ணு. என்னிடமிருந்துதான் போயிற்றோ என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். குடும்பத்துல இருந்தா வாய்ப்பு கொஞ்சம் அதிகம்தான், ஆனா உங்க பையன் ஆரம்பத்துலயே இருக்காரு, இப்பவே பார்த்தா நிறைய அவர் கையில இருக்கு என்றார். என் ஏழு வருஷத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. உனக்கு இன்னும் ஒரு வருஷம்கூடப் போகவில்லை.

உன் அப்பா குச்சியில் காந்தம் கட்டிக்கொண்டு தினமும் சாயங்காலம் கடையைத் துழாவுகிறார், நேற்று ஒன்பது ஊசியும் என் பழைய கத்தரிக்கோலும் சிக்கின. எனக்குத் தடித்த செருப்பு வந்திருக்கிறது, மிஷினுக்கும் அது பழகிவிட்டது.

மகராசனாக, நோய்நொடி இல்லாமல் இரு ராசா. ஞாயிற்றுக்கிழமை சண்டை போடாமல் காலைக் காட்டுகிறேன். அதற்கு முன் நீ டாக்டரைப் பார்த்த சீட்டைக் காட்ட வேண்டும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவ்வளவு தொலைவிலிருந்து என் காலைப் பார்த்துக் காப்பாற்றினாய், உன்னைப் பார்க்க என்னையும் விடு.

இரண்டு காலிலும் நிற்கிற,
உன் அம்மா