நெப்ராஸ்காவில் ஒரு டம்ளர் தண்ணீர்

கொலம்பஸ், ஒஹாயோ
9 மார்ச் 2025

அன்புள்ள இளாவுக்கு,

ஏனுங்க அம்மணி, சௌக்கியமுங்களா? வாட்ஸ்அப்பில் நான் ஒரு பக்கம் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் மெயிலில் கடிதமாகவே எழுதுகிறேன். இனி நீயும் ஒழுங்காக உட்கார்ந்து பதில் எழுது.

நோன்பு தொடங்கிவிட்டது. கஞ்சி நானேதான் காய்ச்சுகிறேன். உம்மா கையில் வருகிற பதம் வரவே மாட்டேன் என்கிறது. என்னைக் கட்டிய பாவத்துக்கு இர்ஷாத் ஒரு வார்த்தை சொல்லாமல் குடிக்கிறார். சொன்னால் நாளைக்கு அவர்தான் காய்ச்ச வேண்டும் என்ற பயம்.

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கேள். பதினோராம் வகுப்புக்கு அமெரிக்க இலக்கியம் எடுக்கிறேன் அல்லவா? பாடத்தில் நூறு வருஷத்துப் பழைய சிறுகதை ஒன்று இருக்கிறது. நெப்ராஸ்காவில் ஒரு பண்ணைவீடு. அப்பா சாவுக்குக்கூட வராத அண்ணன், பல வருஷம் கழித்துத் தம்பியைப் பார்க்க வருகிறான். சாயங்காலம் முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்து சோளம் விற்கிற விலையைப் பேசுகிறார்கள். கிளம்பும்போது தம்பி மனைவி காபி கொடுக்கிறாள். குடித்துவிட்டுப் போகிறான். அவ்வளவுதான் கதை. 'அந்த உறவு முறிந்துவிட்டது என்று நமக்கு எந்த இடத்தில் தெரிகிறது?' என்று கட்டுரை எழுதச் சொன்னேன்.

ஒரு பிள்ளை எழுதியிருந்தது: 'அவன் உள்ளே வந்து உட்கார்ந்ததும் யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. அங்கேயே முறிந்துவிட்டது.' பரவாயில்லையே, சொந்தமாக யோசித்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த கட்டுரையிலும் தண்ணீர். அதற்கடுத்ததிலும் தண்ணீர். இளா, வகுப்பு மொத்தமும் தண்ணீரடி! நான் இந்தக் கதையை வருஷா வருஷம் நடத்துகிறேன். அதில் தண்ணீர் என்ற பேச்சே கிடையாது.

அப்புறம்தான் பிடித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்றே ஒரு இணையதளம் இருக்கிறது. கதைச்சுருக்கம், பாத்திரங்கள், மாதிரிக் கேள்வி பதில் எல்லாம் சமைத்து வைத்திருப்பார்கள். எங்கள் பள்ளியே சந்தா கட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறது. இந்தத் தண்ணீர் அங்கேயிருந்துதான் வந்திருக்கிறது. வந்த ஆத்திரத்தில் வெள்ளிக்கிழமையே அந்தக் கம்பெனிக்குச் சூடாக ஒரு புகார் எழுதிவிட்டேன். 'இதை எழுதியவர் கதையைப் படித்தாரா? இந்த நாட்டில் ஒரு வீட்டுக்குள்ளாவது போயிருக்கிறாரா?' என்று கேட்டிருக்கிறேன். நன்றாக இருக்கிறது இல்லையா?

உன் வேலை எப்படிப் போகிறது? ஏதோ அமெரிக்கப் பாடம், கம்ப்யூட்டர் என்று சொல்வாய், அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாய். அப்பா அம்மாவுக்கு என் சலாம் சொல். ஜூன் மாதம் ஊருக்கு வருவோம் என்று நினைக்கிறேன்.

உன்
சஃபியா


துடியலூர்
18 மார்ச் 2025

அன்புள்ள சஃபியா டீச்சருக்கு,

நலம். உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். நேற்று உன் புகாரும் எங்கள் ஆபீசுக்கு வந்துசேர்ந்தது, இனி எழுதாமல் முடியாது.

போயிருக்கிறாரா என்று கேட்டாயே, இல்லை. எனக்குப் பாஸ்போர்ட்கூடக் கிடையாது.

ஆமாம், அந்தத் தண்ணீரை ஊற்றியது நான்தான். சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் உட்கார்ந்து, உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கதைச்சுருக்கம் எழுதுவதுதான் என் வேலை. மூன்று வருஷமாக உன்னிடம் மழுப்பினேன். நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எம்.ஏ. படித்தோம். நீ அங்கே நின்று நடத்துகிறாய், நான் இங்கே நோட்ஸ் போடுகிறேன். சொல்ல வெட்கமாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

நேற்று மீட்டிங்கில் எங்கள் டீம் லீடர் யஷ்வந்த் உன் புகாரைப் பெரிய திரையில் போட்டான். நம்மைவிடச் சின்னப் பையன், நல்லவன். "யாருங்கக்கா இது, அமெரிக்காக்காரனுக்கே தண்ணி காட்டுனது?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கீழே உன் முழுப் பெயர் இருந்தது. எனக்கு இந்த டீச்சரைத் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

காபி கொடுத்ததை நானும் படித்தேன் தாயே. ஆனால் அது போகிறபோது கொடுக்கிற காபி. நம் பக்கம் வீட்டுக்கு ஆள் வந்தால் வாங்க என்று சொல்லி, முதலில் தண்ணீர்ச் சொம்புதானே வரும்? தண்ணீர் கொடுத்த பிறகுதான் எந்த ஊர், என்ன விஷயம் எல்லாம். அந்த அண்ணன் வந்து உட்கார்ந்த பக்கத்தில் நான் தண்ணீரைத் தேடினேன். காணோம். எழுதிவிட்டேன். கதையில் இல்லாததை நான்தான் கொண்டுபோய் வைத்தேன், தப்புதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறு யார் மூலமாவது தெரிந்தால் நீ என்னைக் கொன்றுவிடுவாய். இனிமேல் சுருக்கம் எழுதுகிற வேலையை மெஷினுக்குக் கொடுக்கப் போகிறார்கள். அது எழுதுவதைச் சரிபார்க்கக் கொஞ்சம் பேரை மட்டும் வைத்துக்கொள்வார்களாம். மாதக் கடைசியில் பெயர்கள் வரும். யார் மேல் புகார் இருக்கிறது என்றும் பார்க்கிறார்கள். எனக்கு இந்த வேலை போகக்கூடாது சஃபி. காலையில் போய் உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் கதை படி என்று சம்பளம் கொடுக்கிற வேலை கோயமுத்தூரில் வேறு எங்கே இருக்கிறது?

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். சொல்லத்தான் எழுதினேன்.

பிரியமுடன்
இளவேனில்


கொலம்பஸ்
18 மார்ச் 2025

இளா, என் கண்ணே,

படித்த கையோடு எழுதுகிறேன். நான் ஒரு லூசு. பசி வேகத்தில் யாரையோ திட்டுகிறேன் என்று நினைத்து உன் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே!

அந்த யஷ்வந்த் விலாசத்தை உடனே அனுப்பு. நான்தான் தவறாகப் படித்துவிட்டேன், கதையில் தண்ணீர் இருக்கிறது, விளக்கம் பிரமாதம் என்று இன்றைக்கே எழுதிப்போடுகிறேன். டீச்சருக்குக் கண் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும், எனக்கென்ன போகிறது?

அப்புறம், உன்மேல் எனக்கும் கோபம் இருக்கிறது. மூன்று வருஷமா? 'இதை எழுதியது என் ஃப்ரெண்டு' என்று வகுப்பில் நான் எவ்வளவு பீற்றிக்கொண்டிருப்பேன்! நோட்ஸ் போடுவது என்ன மட்டமா? நீ போட்ட நோட்ஸைப் படித்துத்தானே நான் எம்.ஏ. பாஸானேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. உனக்குக் கதை படிக்கத் தெரியாதா என்ன? நம் வகுப்பிலேயே ஒரு வரியை நாலு தடவை படிக்கிறவள் நீ. இல்லாத தண்ணீரை எதற்காகத் தேடினாய்?

விலாசம் அனுப்பு. சீக்கிரம்.

சஃபி


துடியலூர்
23 மார்ச் 2025

அன்புள்ள சஃபி,

விலாசம் அனுப்ப மாட்டேன். நீ எழுதியது சரியான புகார். அந்தச் சுருக்கத்தை முன்பின் தெரியாத ஒருத்தி எழுதியிருந்தால் புகாரை வாபஸ் வாங்குவாயா? மாட்டாய். எனக்காகப் பொய் எழுதாதே. அப்படிக் காப்பாற்றின வேலையில் என்னால் உட்கார முடியாது.

எதற்காகத் தேடினாய் என்று கேட்டாய். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நீயாகக் கேட்டுவிட்டாய்.

கடைசி வருஷம் ப்ராஜெக்ட் எழுத ஹாரிகா வீட்டுக்குப் போனோமே, பீளமேட்டில், ஞாபகம் இருக்கிறதா? மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்தோம். அவள் அம்மா வெங்கடலட்சுமி வந்தார்கள். தங்கமான பேச்சு. உன்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"எந்த ஊருங்க கண்ணு?"

"காரமடைப் பக்கமுங்க."

"காரமடையில எந்தப் பக்கம் கண்ணு?"

சொன்னேன். அப்பா பெயரையும் கேட்டார்கள். "நஞ்சப்பனுங்க" என்றேன். எந்தத் தோட்டத்தில் வேலை என்றும் கேட்டார்கள், அதையும் சொன்னேன். உள்ளே போனார்கள். வரும்போது தட்டில் இரண்டு டம்ளர் தண்ணீர். ஒன்று ஹாரிகாவுக்கு, ஒன்று உனக்கு. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "நீ பாட்டல் கொண்டாந்திருக்கறயல்ல கண்ணு, அதையே குடிச்சுக்கோ" என்றார்கள்.

நீ வாங்கினாய். குடித்தாய். குடித்துவிட்டு, அமெரிக்க நாவலில் தனிமை என்று எதையோ விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாய்.

அந்த அம்மாள்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அந்த மாதிரிக் கேள்விகளுக்குச் சின்ன வயதிலிருந்தே பதில் சொல்லிப் பழக்கம், அடுத்து என்ன வரும் என்று தெரியும். எனக்குக் கோபமெல்லாம் உன்மேல்தான். உன் வீட்டில் உம்மா நம் இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் சோறு போட்டவர்கள். நீ அந்த டம்ளரைக் கீழே வைத்திருக்கலாம். வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்திருந்தால்கூடப் போதும்.

அந்தக் கதையில் அண்ணன் கதவைத் திறந்துகொண்டு வந்து உட்கார்ந்தபோது, நான் ஹாரிகா வீட்டு ஹாலில்தான் உட்கார்ந்திருந்தேன் சஃபி. அதனால்தான் தண்ணீரைத் தேடினேன். அது கதையில் இல்லை, என்னிடம்தான் இருந்தது. ஆகையால் உன் புகார் சரி.

எழுதிவிட்டேன். அனுப்பலாமா என்று யோசித்தால் அனுப்ப மாட்டேன், அதனால் யோசிக்காமல் அனுப்புகிறேன்.

இளவேனில்


கொலம்பஸ்
30 மார்ச் 2025

என் இளாவுக்கு,

இன்றைக்கு இங்கே பெருநாள். தொழுதுவிட்டு வந்து, விருந்தாளிகள் வருவதற்குள் இதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அந்த ஹாலை ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். ஹாரிகாவின் வெள்ளை நாய் வருகிறது. சத்தம் போடுகிற மின்விசிறி வருகிறது. டம்ளர் வரவே மாட்டேன் என்கிறது இளா. பார்த்தேன், பேசாமல் இருந்தேன் என்றாலாவது ஒரு கணக்கில் சேரும். நான் பார்க்கவே இல்லை. தாகமாக இருந்திருக்கும், குடித்திருப்பேன். நீ பக்கத்தில் இருந்தாய், உனக்கு நடந்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. இதற்கு மன்னிப்பு எந்த வார்த்தையில் கேட்பது என்று தெரியவில்லை. மன்னித்துவிடு என்று மட்டும் எழுதுகிறேன்.

புகாரை நான் வாபஸ் வாங்கவில்லை. நீ சொன்னபடியே. ஆனால் வகுப்பில் அந்தக் கதையை மறுபடி எடுத்தேன். "தண்ணீரை விடுங்கள். உங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால், நாம் வந்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டேன். டிவியை நிறுத்த மாட்டார்கள் என்றது ஒரு பிள்ளை. ஃபோனைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள் என்றது இன்னொன்று. கடைசி வரிசையில் இருந்து ஒரு பெண், "வந்தவர் கழற்றுகிற கோட்டை வாங்கி மாட்ட மாட்டார்கள்" என்றாள். சொன்னவள் புத்தகத்தைப் புரட்டினாள். "மிஸ், இவன் கடைசிவரைக்கும் கோட்டோடுதான் உட்கார்ந்திருக்கிறான்!" என்று கத்தினாள்.

நிஜமடி. அடுப்பு எரிகிற அறையில் அவன் கழுத்து வேர்க்கிறது என்று ஒரு வரி வருகிறது. அதைத் தாண்டித் தாண்டித்தான் இத்தனை வருஷமும் நடத்தியிருக்கிறேன். நீ தேடிய பொருள் தப்பு. தேடிய இடம் சரி.

இதைத்தான் உங்கள் கம்பெனிக்கு இரண்டாவதாக எழுதினேன். தண்ணீர் தவறு, அதில் மாற்றமில்லை. ஆனால் எழுதியவர் ஒரு மனிதர் வீட்டுக்குள் வந்தால் என்ன நடக்கிறது என்று கவனிக்கத் தெரிந்தவர், அவரால்தான் என் வகுப்பு இந்தக் கதையை முதல்முறையாகப் படித்தது, அப்படிப்பட்டவரை விட்டுவிடாதீர்கள் என்று எழுதினேன். உனக்காக எழுதினேனா என்றால் ஆமாம். பொய்யா என்றால் இல்லை.

நேற்று தளத்தைத் திறந்து பார்த்தேன். உன் தண்ணீரை எடுத்துவிட்டார்கள். 'சகோதரர்களுக்கிடையே தகவல் தொடர்பில் குறைபாடு ஏற்படுகிறது' என்று போட்டிருக்கிறது. மெஷின் போல. அடுத்த வருஷம் வகுப்பு மொத்தமும் இதை எழுதும், நான் திருத்தித் தொலைய வேண்டும்.

கோபமாக இருந்தால் திட்டியாவது எழுது. கட்டைவிரல் மட்டும் அனுப்பாதே.

உன்
சஃபியா


துடியலூர்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள சஃபி,

பெருநாள் வாழ்த்து பிந்திப்போய்ச் சொல்கிறேன். வட்டிலாப்பம் செய்தாயா?

வேலையில் வைத்துக்கொள்கிறவர்களின் பெயர்கள் வந்தன. என் பெயர் இல்லை. யஷ்வந்த் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் உன் இரண்டாவது கடிதத்தைக் காட்டினான். "இதை மேல அனுப்பிச்சுட்டேனுங்கக்கா. படிச்சாங்களான்னுதான் தெரியலீங்க" என்றான். சொல்லும்போது அவனுக்குத்தான் கண் கலங்கியது. நான் பஸ்ஸில் வரும்போது அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள்.

உன் முதல் புகார் ஒரு காரணமா என்றால், ஆமாம். தாமதமாக முடித்தது, நீளமாக எழுதியது என்று வேறு காரணங்களும் சொன்னார்கள், உன்னுடையதும் அதில் இருந்தது. நீ வருத்தப்படுவாயே என்று மறைக்கப் போவதில்லை. மறைத்து வைத்துப் பட்டதெல்லாம் போதும். அந்தப் புகாருக்காக உன்மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. டீச்சர் செய்ய வேண்டியதை நீ செய்தாய். கோட்டைக் கண்டுபிடித்த அந்தப் பெண்ணை நான் கேட்டதாகச் சொல்.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்கு ஆள் கேட்கிறார்கள். ஜூனில்தான் தெரியும். கிடைத்தால் நானும் கட்டுரை திருத்திப் புலம்புவேன்.

ஹாரிகா வீட்டு விஷயம் வேறு. பார்க்கவே இல்லை என்று எழுதியிருந்தாய். உண்மை என்று நம்புகிறேன். ஆனாலும் சஃபி, நீ பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் எனக்குச் சீக்கிரம் ஆறியிருக்கும் போலிருக்கிறது. இதை உன்னிடம் நேரில் சொல்ல வேண்டும், நீ அழுதால் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், அப்புறம் சேர்ந்து சாப்பிட வேண்டும்.

ஜூனில் வரும்போது உம்மாவோடு இரண்டு நாள் இரு. மிச்ச நாள் எங்கள் வீட்டில் இருக்கலாம். காரமடையில் இருந்தபோதும் சரி, துடியலூருக்கு வந்த பிறகும் சரி, நீ வந்ததே இல்லை. நீ கேட்டதில்லை, நானும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு, நீ ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் உன்னோடு எப்படிப் பேசுவது என்று எனக்குப் பயம். மாடி அறை கொஞ்சம் சூடுதான், ஏசி இல்லை. அம்மா இப்போதே, "அந்தப் புள்ளைக்குக் கறி எந்தக் கடையில வாங்கோணும்னு கேட்டு வையி" என்கிறாள். அப்பா உன் பெயரைச் சொல்லிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்று பார்க்கிறார்.

கோபம் தீர்ந்த பிறகு கூப்பிடலாம் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். அது தீருகிற மாதிரித் தெரியவில்லை. கோபத்தோடேயே கூப்பிடுகிறேன், வா.

உன்
இளா