நீலத் திரை கேட்ட நாற்பத்தெட்டு எண்கள்

உன் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு அடிமூடியைக் கழற்றியபோது காய்ந்த கிராம்பு ஒன்று மேசையில் உருண்டு விழுந்தது. எடுத்து முகர்ந்தேன். மணம் இன்னும் மிச்சமிருந்தது. திருச்சிக்குப் போய்ப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வந்த நாட்களில், குமட்டலுக்காக நீ கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டே வேலை பார்ப்பாய். கஸ்டமர் வந்து நின்றால் அதை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுவாய். அதில் ஒன்று எப்போது உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டதோ. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

லேப்டாப்பைக் கொண்டுவந்தவர் உன் வீட்டுக்காரர். அன்று சனிக்கிழமை. திருமயத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, நான் புதுக்கோட்டையில் நம் லேப்டாப் ரிப்பேர் கடையின் ஷட்டரைத் தூக்கும் முன்பே வாசலில் வந்து நின்றிருந்தார்.

"வாங்கண்ணே. என்ன இவ்வளவு வெள்ளன?"

"இது ஆன் ஆகவே மாட்டேங்குது தங்கச்சி. தெரிஞ்சவரு ஒருத்தரு, உள்ள இருக்கிற எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டாத்தான் ஓடும்னாரு. எதுக்கும் ஒங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு எடுத்தாந்தேன்."

பிறகு விஷயத்தைச் சொன்னார். உன் தங்கைக்கும் மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. திங்கட்கிழமை திருச்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். உனக்கு எடுத்த மரபணுப் பரிசோதனையின் முடிவு கையில் இருந்தால், அவளுக்கு எதைத் தேட வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம். காகிதங்கள் எங்கே போயின என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. டெஸ்ட் எடுத்த இடத்தில் கேட்டால், தேடித் தருகிறோம் என்கிறார்களே தவிர எப்போது என்று சொல்லவில்லை.

"இதுக்குள்ள இருக்கு தங்கச்சி. அவ சேத்து வச்சதை நான் கண்ணால பாத்தேன்."

அவரை உட்கார வைத்தேன். என்னதான் செய்து கெடுத்தீர்கள் என்று ஒருநாளும் யாரிடமும் நீ கேட்டதில்லை. நீ கேட்பது போலவே கேட்டேன்: "கடைசியா நல்லா ஓடுனப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க?"

"அவ தொட்டதுதான் கடைசி. அதுக்கப்புறம் பீரோவுலயே கெடந்துச்சு."

பாதி வேலை அந்தப் பதிலிலேயே முடிந்தது. ஒன்றரை வருடம் சும்மா கிடந்த மெஷின். பேட்டரி சுத்தமாக வடிந்திருக்கும். மெஷினின் அமைப்புகளை நினைவில் வைக்கும் சின்ன வட்ட செல்லும் செத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். ரேமை எடுத்துத் துடைத்து மறுபடி செருகினேன். புது செல் போட்டேன். பேட்டரி இல்லாமலே சார்ஜரைக் கொடுத்ததும் விசிறி சுற்றியது. அண்ணன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

திரை நீலமாக வந்தது. நாற்பத்தெட்டு எண் கொண்ட ரெகவரி கீயைப் போடச் சொல்லிக் கட்டம் காட்டியது. செல் செத்ததில் மெஷின் தன் பழைய அமைப்புகளை மறந்துவிட்டது. அதனால் திறப்பவர் யாரென்று சந்தேகப்படுகிறது. அந்த எண் இல்லாமல் உள்ளே இருப்பதில் ஓர் எழுத்தைக்கூட யாராலும் படிக்க முடியாது.

"போச்சா தங்கச்சி?"

"போகலைண்ணே. பூட்டியிருக்கு. போறது வேற, பூட்டிக்கிடக்கிறது வேற."

அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே வியப்பாக இருந்தது. கடை தொடங்கிய இரண்டாம் வருடத்தில் இப்படிப் பேச எனக்கு வராது. அப்போது என் கைதான் முந்தும். கறம்பக்குடிப் பக்கத்து விவசாயி ஒருவரின் லேப்டாப்பை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மேட் செய்தேனே, நீ மறந்திருக்க மாட்டாய். தன் போர்வெல்லில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று ஆறு வருடமாக வாராவாரம் அதில் பதிந்து வைத்திருந்தார் அவர். வேறெங்கும் நகல் இல்லை.

நான் போனை எடுத்தேன். நீ அதைப் பிடுங்கி மேசையில் வைத்தாய். "போன்ல சொல்லாத. நேர்ல போவோம்" என்றாய். தவறு என்னுடையது. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்துவிட்டு நீயும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். அவர் வீட்டு வாசலில் நின்று, "நாங்க ஒங்க லேப்டாப்பை அழிச்சுட்டோம்யா" என்று 'நாங்க' போட்டுத்தான் சொன்னாய். அவர் திட்டவில்லை. வயல் பக்கம் திரும்பியவர், "ஆறு வருசத்தை ஞாபகத்துல இருந்து எழுத முடியுமாத்தா?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும்போது நீ என்னைக் குறை சொல்லவில்லை. "வீடு இடிஞ்சாக் கட்டிக்கலாம் புள்ள. மொதல்ல உள்ள இருக்கிற ஆளை வெளிய கொண்டாரணும்" என்றாய். மறுநாளே அட்டை முறையைக் கொண்டுவந்தாய். ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் அட்டை: யாருடையது, என்ன பழுது, உள்ளே எது முக்கியம். மூன்றாவதைக் கேட்டு எழுதாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் கூடாது என்றாய்.

அண்ணனுக்கு டீ சொல்லிவிட்டு, முதலில் உன் டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகலெடுக்கப் போட்டேன். பூட்டியிருந்தாலும் நகல் நகல்தான். அது ஓடும் நேரத்தில் யோசித்தேன். ரெகவரி கீயை அவரவர் கையால் எழுதி வைக்கச் சொல்லிக் கஸ்டமர்களை நீ படுத்திய பாடு கொஞ்சமா? "மெஷினும் சாவியும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாதுங்க" என்பாய். ஊருக்குச் சொல்லிவிட்டு நீ செய்யாமல் விட்டிருக்க மாட்டாய். லேப்டாப் இருந்தது உன் வீட்டில். அப்படியானால் சாவி இருக்க வேண்டியது கடையில்.

பரணிலிருந்து பழைய அட்டைகள் அடுக்கிய பெட்டிகளை இறக்கினோம். அண்ணன் ஒரு பெட்டி, நான் ஒரு பெட்டி. மூன்றாவது பெட்டியில் உன் பெயரின் முதல் எழுத்து வரிசையில் உன் அட்டை இருந்தது. கஸ்டமர் பெயர் என்ற இடத்தில் உன் பெயர். பழுது என்ற இடத்தில், "மெஷினில் ஒன்றுமில்லை. ஓனர்தான் கொஞ்சம் வாயாடி." பின்பக்கத்தில் ஆறாறு எண்களாக எட்டு வரிசை.

அண்ணன் அதை வாங்கிப் படித்தார். சிரிக்கத்தான் தொடங்கினார். பிறகு அட்டையை என்னிடம் தந்துவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை நான் எதையும் தட்டவில்லை. வந்ததும் அவர் எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார், நான் தட்டினேன். திறந்துகொண்டது.

'ஆஸ்பத்திரி' என்ற ஃபோல்டரில் எல்லாம் தேதி வரிசைப்படி இருந்தன. அந்த முடிவும் இருந்தது. அதன் பக்கத்தில் 'எனக்கு மட்டும்' என்று ஒரு ஃபோல்டர். நான் திறக்கவில்லை. அண்ணனிடம் காட்டினேன். "இருக்கட்டும் தங்கச்சி. அவ பேரு வச்ச மாதிரியே இருக்கட்டும்" என்றார். பரிசோதனை முடிவை இரண்டு பிரதி அச்செடுத்துக் கொடுத்தேன்; பென் டிரைவிலும் போட்டேன். மத்தியானப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

உனக்கு இருந்த அதே மரபணு மாற்றம் உன் தங்கைக்கும் இருக்கிறது. ஆனால் கட்டி சிறியது. வேறெங்கும் பரவவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். மருந்து ஏற்றுவது இனிமேல்தான். நேற்று போனில் அவளே பேசினாள்.

"அக்கா, டாக்டர் அந்த ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, இவ்வளவு ஒழுங்கா யாரு எடுத்து வச்சதுன்னு கேட்டாருக்கா."

"நீ என்ன சொன்னே?"

"எங்கக்கான்னேன்."

நீ போனதும் நான் கடையை மூடிவிடுவேன் என்று பேசிக்கொண்டார்கள். நானும் ஒரு வாரம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது எனக்குப் பயமில்லை. நீ வேகமாக வேலை செய்தவள். அந்த வேகம் எனக்கு வரவே இல்லை. வந்தது வேறு. திரையில் என்ன வந்தாலும் கையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை கேட்கிற பொறுமை. அது உன்னுடையது. இப்போது என்னிடம் இருக்கிறது.

இதை எழுதும்போதே ஒரு டீச்சர் லேப்டாப்போடு வந்திருக்கிறார். திரையில் கம்பெனி லோகோ வந்து நிற்கிறதாம், மேலே போகவில்லையாம். முகம் வெளிறிப்போயிருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறேன். முதலில் அவர் பேசட்டும்.